வெலோசியோ ஏறிய மலைப்பாதை



பிரான்சு தேசத்தின் தென்கிழக்குப் பகுதியில் பிலா என்னும் மலைத்தொடர் உண்டு. அதனூடே செல்லும் கணவாய் ஒன்று 1161 மீற்றர் உயரமுடையது. குடியரசுக் கணவாய் என்பது அதன் பெயர். அங்கே பெய்யும் மழை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு சரிவில் விழுந்த நீர் லுவார் நதியை அடைந்து அத்திலாந்திக் சமுத்திரத்திற் கலக்கின்றது. மறு சரிவில் விழுந்தது ரோன் நதியோடு சென்று மத்தியதரைக் கடலைச் சேர்கின்றது. இவ்விரு நதிப் பள்ளத்தாக்குகளையும் இணைக்கும் பாதையிலேதான், துவிச்சக்கர வண்டியின் சரித்திரத்தில் நெடுங்காலம் நடந்த ஒரு வழக்கு வேர்கொண்டது. மலைப்பாதை வல்லவனுக்கு மட்டும் உரியதா, மற்றையோருக்கும் உரியதா என்பதே அவ்வழக்கு.

கணவாயின் வடக்கு அடிவாரத்தில் சென்-எத்தியேன் என்னும் கைத்தொழில் நகரம் இருக்கின்றது. நிலக்கரியும் பட்டு நாடாவும் படைக்கலங்களும் அந்நகருக்குப் பெயர் தந்தவை. 1853ஆம் ஆண்டில் பிறந்த போல் த விவி என்பவர் அங்கே பட்டு வியாபாரம் செய்துவந்தார். 1881இல் அவர் ஒரு துவிச்சக்கர வண்டியை வாங்கினார். முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சிறியதுமான அக்காலத்து வண்டி அது. அதன்மேற் கொண்ட மோகம் வியாபாரத்தை விழுங்கிவிட்டது. பட்டுக் கடையை விட்டு, இங்கிலாந்தின் கொவன்றி நகரிலிருந்து வண்டிகளை வருவித்து விற்கலானார். 1887இல் துவிச்சக்கர வண்டிக்கென ஒரு சஞ்சிகையையும் தொடங்கினார். அதில் அவர் எழுதிய புனைபெயரே வெலோசியோ. அப்பெயரே இன்றுவரை நிலைத்திருக்கின்றது.

பின்னர் இரு சக்கரங்களும் ஒத்த அளவினவாகி, சங்கிலியும் பூட்டப்பட்ட வண்டிகள் வந்தன. ஆயினும் அவற்றுக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. மிதிகட்டையோடு இணைந்த பற்சக்கரம் ஒன்று, பின்சக்கரத்தில் ஒன்று, அவ்வளவே. சமவெளியில் விரைந்து செல்லத் தக்கதாக அவற்றை அமைத்தால் மலையில் முழங்கால் முறியும். மலைக்கேற்ப அமைத்தாலோ, சமவெளியில் கால்கள் காற்றாடிபோற் சுழலும், வண்டி நகராது. உலகத்தில் ஆயிரம் சரிவுகள் இருக்க, மனிதன் ஒரே சரிவுக்குத் தன்னை ஒப்படைத்துவிட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் வண்டி பழகி, பின்னர் கண்டி வீதியிற் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வெலோசியோ குடியரசுக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்த ஒருநாள், அவருடைய சஞ்சிகையின் வாசகர் ஒருவர் வாயிற் புகைக்குழாயுடன் அவரை எளிதாகத் தாண்டிச் சென்றார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவர் அதன்பின் செய்த வேலை உண்மையானது. மிதிகட்டை அருகே ஒன்றுக்குள் ஒன்றாக இரு பற்சக்கரங்களை அமைத்து, சங்கிலியைக் கையால் எடுத்து மாற்றினார். பின்பு வண்டியின் இடப்புறத்திலும் அவ்வாறே இரண்டை அமைத்தார். நான்கு வேகங்கள் கிடைத்தன. கையில் எண்ணெய்க் கறையும் கிடைத்தது. அவரும் அந்நகரத்துத் தொழில் வல்லாரும் தொடர்ந்து முயன்றதன் பயனாக, ஓடும்போதே சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் பொறி இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் பழக்கத்துக்கு வந்தது.

இதனை எதிர்த்தவர் சாமானியர் அல்லர். பிரான்சைச் சுற்றும் பெரும் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்றி டெகிராஞ் என்னும் பத்திரிகை ஆசிரியரே அவர். அதற்கு முந்திய ஆண்டில், பிரான்சின் சுற்றுலாச் சங்கம் பிரனீசு மலைகளிலுள்ள தூர்மலே கணவாயில் வண்டிகளைச் சோதித்தது. பல வேகப் பொறிகளின் நன்மை கண்கூடாயிற்று. டெகிராஞ் மசியவில்லை. இப்பொறி நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே ஏற்றது என்பது அவர் கருத்து. அவ்வயதைக் கடந்தவன் நான். அவர் ஏளனமாகச் சொன்னதையே பொறிக்குரிய பாராட்டாகக் கொள்கின்றேன்.

அவருடைய பந்தயம் முதலாண்டிலேயே குடியரசுக் கணவாயின் மேலாகச் சென்றது. 1904இல் அங்கே நடந்ததோ பெருமைக்குரியதன்று. உள்ளூர் வீரருக்காக இரவில் திரண்ட கூட்டம் மற்றப் போட்டியாளரைத் தாக்க, துப்பாக்கி வேட்டுத் தீர்த்தே கூட்டத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. முதல்தரப் பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறத்துப் பற்சக்கரம் சங்கிலியில் வருமாறு திருப்பி மாட்டி, மீண்டும் ஏறும் வேடிக்கை ஆண்டுதோறும் தொடர்ந்தது. டெகிராஞ் நிருவாகத்தினின்றும் விலகிய பின்னர், 1937இலேதான் சங்கிலி மாற்றும் பொறிக்கு அவர்கள் அனுமதி பெற்றனர்.

வெலோசியோவுக்கோ பந்தயம் பொருட்டன்று. ஈஸ்டர் காலத்தில் நண்பர்களுடன் கணவாயைக் கடந்து, ரோன் பள்ளத்தாக்கின் வழியே தாம் பிறந்த புரோவான்சு நாட்டுக்கு இறங்குவதே அவருக்குத் திருவிழா. மரக்கறி உணவே உண்டார். பசிக்குமுன் உண்ணவும் களைக்குமுன் நிற்கவும் அறிந்தவனே தூரம் போவான் என்பது அவர் கொள்கை. ஐம்பது வயதுக்குப் பின்னரும் இரவு பகலாக மலைகளிற் சவாரி செய்தார். அப்பயணங்களின் விவரம் சஞ்சிகையில் வரும். அதனைப் படித்து, வீரரல்லாத எத்தனையோ பேர் மலைநாட்டுப் பாதைகளிற் புறப்பட்டனர்.

அப்பாதைகள் பிற்காலத்தில் மோட்டார் வாகனங்களின் கைக்குப் போயின. லியோனிலிருந்து மார்செய் வரை ரோன் நதியோடு செல்லும் விரைவு வீதி 1970களில் முழுமை பெற்றது. அதன் இரைச்சல் கேட்கும் அதே பள்ளத்தாக்கில், ஜெனீவா ஏரி தொடக்கம் மத்தியதரைக் கடல் வரை, நதியின் அணைக்கரைகளையும் சிறு வீதிகளையும் தொடுத்து ஏறக்குறைய 815 கிலோமீற்றர் நீளமான துவிச்சக்கர வண்டிப் பாதை இன்று இருக்கின்றது. பிலா மலையின் தெற்கே, லுவாருக்கும் ரோனுக்கும் இடையே ஓடி நின்றுபோன புகையிரதத்தின் தடமும் அவ்வாறே மாற்றப்பட்டது. நீராவி இயந்திரம் செங்குத்தாக ஏறமாட்டாது. ஆகையால் அக்காலத்துப் பொறியியலாளர் மலையை வளைந்தும் குடைந்தும் மெல்லிய சரிவையே வைத்தனர். புகைவண்டிக்காகச் செய்த சலுகையைச் சிறுவரும் முதியவரும் அனுபவிக்கின்றனர்.

வெலோசியோ இவற்றைக் காணவில்லை. 1930ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், எழுபத்தாறாம் வயதில், சென்-எத்தியேன் நகர வீதியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றபோது ட்றாம் வண்டி மோதி இறந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1922இல், அவர் பெயரால் கணவாய்க்கு ஏறும் ஒரு நாள் தொடங்கப்பட்டிருந்தது. நகரத்திலிருந்து உச்சிவரை பதின்மூன்று கிலோமீற்றர் வரையுள்ள அந்த ஏற்றத்தில் அவரும் தம் நண்பர்களுடன் ஏறினார். உச்சியில், ஊசியிலை மரங்களின் நடுவே, அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கின்றது. அதைத் தாண்டினால் பாதை ரோன் நதிப் பக்கமாக இறங்கத் தொடங்கும்.