கும்மளாபுரத்துப் பேயும் தமிழ்த் திகில் புதினமும்

இராயக்கோட்டை மலைக்கோட்டையை வரலாற்று நூல்கள் போர்க்களமாக மட்டுமே அறியும். 1791ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மேஜர் கௌடி நடத்தி வந்த கும்பினிப் படை அதனைத் திப்புவின் காவலரிடமிருந்து கைப்பற்றியது. மறு ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் பாராமகால் கும்பினியாரின் ஆட்சிக்குள் வந்தது. ஆயின் அக்கோட்டைக்கு மேற்கே தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி என்று விரிந்து செல்லும் காட்டு நிலத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. தனித்த சிற்றூர், அதனைச் சூழ்ந்த இருள், இன்னதென்று விளங்காத ஒன்றைப் பற்றிய அச்சம், இறுதியில் எதிர்பாராத ஒரு விளக்கம் என, இளைஞர்கள் இரவு விழித்துப் படிக்கும் திகில் புதினத்துக்கு வேண்டிய யாவும் இங்கே மெய்ந்நிகழ்ச்சிகளாகவே நடந்திருக்கின்றன.

அவற்றை உலகறியச் செய்தவர் பெங்களூரில் வாழ்ந்த வேட்டையாளர் கென்னத் ஆண்டர்சன் (1910 – 1974). ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றி 1954இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், ஜவளகிரிப் பெண்புலியின் கதையும் கும்மளாபுரத்துச் சிறுத்தையின் கதையும் அடங்கியுள்ளன. அப்போது இவ்வூர்கள் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1965இல் தருமபுரி மாவட்டமும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தது பிற்காலச் செய்தி.

கும்மளாபுரத்துக் கதைக்கு ஆண்டர்சன் இட்ட பெயரே 'புள்ளிப் பேய்' என்னும் பொருளுடையது. நாற்பத்திரண்டு உயிர்களைக் கொண்ட அந்தச் சிறுத்தை, மனித அறிவையும் விஞ்சும் தந்திரம் உடையதென்று பேர் பெற்றிருந்தது. பொழுது சாய்ந்தபின் ஊரில் எவரும் கதவைத் திறப்பதில்லை. கதவடைத்தும் பயனில்லை, கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கும். இரவெல்லாம் காத்திருந்த ஆண்டர்சனுக்கு எச்சரிக்கை தந்து காத்தது, தானாகவே அவரிடம் ஒட்டிக்கொண்ட ஒரு தெருநாய். சிறுத்தை வீழ்ந்தபின் அதன் முன்னங்காலை ஆராய்ந்தபோது பேயின் மருமம் வெளிப்பட்டது. முள்ளம்பன்றியின் முட்கள் ஒடிந்து பாதத்தில் ஆழப் புதைந்திருந்தன. வழக்கமான இரையைத் துரத்திப் பிடிக்க இயலாத விலங்கு மனிதரை நாடியது. ஒரு மாவட்டத்தையே நடுங்கவைத்த பேய், முடிவில் சில முட்துண்டுகள்!

ஜவளகிரிக் கதையின் முடிவு இதனினும் துயரமானது. இணையை இழந்து, குண்டடியும் பட்டுக் கொடியதாகிவிட்ட பெண்புலியை, ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி ஆண்டர்சன் வரவழைத்துச் சுட்டார். காதலை நம்பி வந்த உயிரை வஞ்சித்துக் கொன்ற உறுத்தல் அவர் எழுத்தில் தெரிகிறது. வேட்டை இலக்கியத்தில் இத்தகைய மன உறுத்தல் அரிது.

இவ்விரு கதைகளிலும் ஒன்றைக் கருத வேண்டும். அஞ்சுவோர் உள்ளூர் மக்கள். அச்சத்தை விளக்குபவர் வெளியூரிலிருந்து துப்பாக்கியோடு வருபவர். ஊராரின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடல் எளிது. நாற்பத்திரண்டு பேர் மாண்ட ஊரில் அந்தியில் கதவை அடைப்பவன் அறிவிலி அல்லன். அவன் தான் கண்டதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான், அவ்வளவே.

தமிழ்ப் புதினம் நெடுங்காலம் இதே வழியில்தான் நடந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் துப்பறியும் கதைக்கு வாசகரைச் சேர்த்தனர். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். தமிழில் வளரிளம் பருவத்தாருக்கெனத் தனி அலமாரி ஒருபோதும் வலுவாக அமையவில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் வேதாளத்தின் கேள்விகளைப் படித்து வளர்ந்த சிறுவன், மீசை அரும்பியதும் நேரே பெரியவர்களின் வார இதழ்த் தொடர்கதைக்குத் தாவினான். அப்படித் தாவியவர்களைக் காத்திருந்து பிடித்துக்கொண்டது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. 1981இல் குமுதத்தில் வெளிவந்த அத்தொடரில் பழைய பங்களா உண்டு, சொத்துக்குரிய இளம்பெண் உண்டு, இருளில் உலவும் பெண்ணுருவமும் உண்டு. வழக்கறிஞர் கணேஷ் அறிவியல் விளக்கம் தேடுகிறார். இளையவன் வசந்த் பேயை நம்பும் பக்கம் சாய்கிறான். முப்பரிமாண ஒளியுரு நுட்பம் விளக்கமாக வந்தபின்னும் ஐயம் முற்றும் தீர்வதில்லை. அந்த மிச்ச ஐயமே அப்புதினத்தின் உயிர் எனலாம். எனினும் இங்கும் மருமத்தை விடுவிக்க வருவோர் பட்டணத்தார்தாம்.

இந்த வழக்கத்தை அசைத்தவர் இந்திரா சௌந்தர்ராஜன் (மறைவு 2024). அவரது 'விட்டுவிடு கருப்பா' என்னும் புதினம், நாகாவின் இயக்கத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தின் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்ற தொடராகி 1997இல் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. தவறு செய்வோரைக் காவல் தெய்வம் கருப்பு தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. கொலைகள் உண்மை, குதிரையில் வரும் உருவமும் உண்மை. விளக்கமோ மனப்பிளவுண்ட ஓர் உள்ளூர்க்காரனில் முடிகிறது. முள் இம்முறை விலங்கின் காலில் இல்லை. ஊரின் நடுவிலேயே, ஊர் வளர்த்த ஒருவனின் நெஞ்சில் இருக்கிறது. சட்டம் எட்டாத குற்றத்துக்கு யார் தண்டனை தருவது என்னும் கேள்வியை ஊரே கேட்கிறது, தன் தெய்வத்தின் பெயரால் தானே விடை தேடுகிறது. திகிலுக்காகப் பார்க்கத் தொடங்கிய பள்ளி மாணவர்களும் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் உறங்கச் சென்றனர்.

கருப்பு தென்மாவட்டத்து வழிபாட்டில் ஓங்கி நிற்பவர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அந்த இடம் முனியப்பனுக்குரியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில், ஒரே அச்சத்துக்கு மூன்று மொழிகளிலும் பெயர் உண்டு. ஓசூர்த் தொழிற்பேட்டைகளுக்குச் சிற்றூர்களிலிருந்து வேலைக்குச் செல்லும் இளைஞர்களில் பலர் அம்மூன்றும் பேசுபவர்கள். ஆண்டர்சன் நடந்த ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆயின. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து எல்லை கடந்து வருகின்றன. அந்நாள்களில் தளிக் காட்டோரத்து வயல்களில் ஆட்கள் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். ஒரு கிளை ஒடியும் ஓசைக்கும் பேச்சு நின்றுவிடுகிறது.