அவையின் நாள்கள் யார் கையில்? சென்னைச் சட்டமன்ற அலுவல் ஒழுங்கின் வரலாறு

சென்னைப் புறநகரான அஸ்தினாபுரம் மாநகராட்சிப் பகுதியான கதை ஒரு மானியக் கோரிக்கை நாளில், அதாவது ஒரு துறையின் செலவுக் கோரிக்கையை அவை விவாதிக்கும் நாளில், தொடங்கியது. கொரோனா காரணமாகச் சட்டப்பேரவை கலைவாணர் அரங்கில் கூடிய 2021 ஆகஸ்டில், நகராட்சி நிர்வாகத் துறையின் முறை வந்த அன்று, தாம்பரம் மாநகராட்சியாகும் என்று அமைச்சர் கே.என். நேரு அறிவித்தார். நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லப்பாக்கம் உள்ளிட்ட 5 பேரூராட்சிகளும் ஒன்றாயின. அதுவரை பல்லாவரம் நகராட்சியில் இருந்த அஸ்தினாபுரத்தின் சாக்கடைக்கும் குடிநீருக்கும் புதிய முகவரி கிடைத்தது.

அந்தத் துறைக்கு அந்த நாளை ஒதுக்கியது யார்? எவ்வளவு நேரம் பேசலாம் என்று வரையறுத்தது யார்? நம் அரசியல் வரலாற்று நூல்கள் தேர்தலையும் ஆட்சி மாற்றத்தையும் விரிவாகச் சொல்கின்றன. அவையின் நேரம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. உண்மையான அதிகாரம் அந்தப் பங்கீட்டில்தான் இருந்தது என்பது என் கருத்து.

1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில் நேரம் முழுவதும் ஆளுநருடையது. அவர் அழைத்தால் கூடும். கொண்டுவரப்பட்ட சட்ட முன்வரைவைத் தவிர வேறெதையும் பேச முடியாது. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்கவும் வரவுசெலவுத் திட்டம் பற்றிக் கருத்துச் சொல்லவும் இடம் தந்தது. ஆனால் பதில் மழுப்பலாக இருந்தால் மறுபடி கேட்க வழியில்லை. 1909-இல்தான் கேட்டவரே துணைக் கேள்வி கேட்கும் உரிமையும், உறுப்பினர்கள் தீர்மானம் முன்மொழியும் உரிமையும் வந்தன. அரசு தானாகத் தொடாத ஒரு பொருளை உறுப்பினர் ஒருவர் அவையின் முன் வைக்க முடிந்தது அப்போதிருந்துதான்.

சில துறைகள் அமைச்சர்களிடமும் மற்றவை ஆளுநரிடமும் இருந்த இரட்டையாட்சியின் கீழ் அமைந்த புதிய சட்டசபையை 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் தொடங்கிவைத்தார். அதன் முதல் தலைவர் பெ. ராஜகோபாலாச்சாரி. அவருக்குப் பின் 1924-இல் தலைவரானவர், அதற்கு முன் அதே சபையின் செயலாளராக இருந்த எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. கல்வெட்டு படிப்பவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு கல்வெட்டில் திதியும் நட்சத்திரமும் கிழமையும் இருந்தால், அது ஆங்கிலக் கணக்கில் எந்த ஆண்டு, எந்த நாள் என்று காண உதவும் ‘இந்தியன் எபிமெரிஸ்’ தொகுதிகளை உருவாக்கியவர் அவர். நாள்கணிதத்தில் தமிழகம் கண்ட பேரறிஞர் ஒருவரே சட்டசபையின் அலுவல் ஏட்டையும் கவனித்திருக்கிறார். பஞ்சாங்கப் புலமையால் அவர் அவை விதிகளைத் திருத்தினார் என்று வாதிட நான் துணியவில்லை. எனினும் மாகாண மக்களின் பிரதிநிதிகளுக்கு எந்தக் கிழமை, அரசுக்கு எந்தக் கிழமை என்ற சிக்கல் முதன்முறையாகக் கூர்மையடைந்த ஆண்டுகளில் அவர் அந்த இருக்கையில் இருந்தது நம் நல்வாய்ப்பு. 1925-இல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

அரசு சாராத அலுவலுக்கு நேரம் ஒதுக்கியதன் பயன் 1927-இல் தெரிந்தது. சபையின் துணைத் தலைவராயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை அவ்வாண்டு நவம்பரில் கொண்டுவந்தார். அது அமைச்சரவையின் திட்டமல்ல, ஓர் உறுப்பினரின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தில் தொடங்கிய பாதை, இடையில் அறநிலையச் சட்டத் திருத்தம் ஒன்றைக் கடந்து, 1947-ஆம் ஆண்டுத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தில் போய் முடிந்தது. அரசு அலுவல் மட்டுமே அவையை நிரப்பியிருந்தால் அந்தக் குரல் எப்போது எழுந்திருக்குமோ!

இதற்கு எதிர்த்திசையில் சென்ற வரலாறும் உண்டு. 1881-இல் பார்னல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர்கள் பிரிட்டன் மக்களவையை 41 மணி நேரம் தொடர்ந்து பேசி முடக்கினார்கள். அதற்குப் பதிலடியாகப் பிறந்தவைதான் விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானமும், குறித்த நேரத்தில் பேச்சை வெட்டும் ‘கில்லட்டின்’ முறையும். அந்த ஆயுதங்கள் நம் அவைகளுக்கும் வந்து சேர்ந்தன.

குடியரசான பின் 1952-இல் சென்னைச் சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றது 152. பெரும்பான்மை இல்லாத அவையில், ஒரு தரப்பின் விருப்பப்படி மட்டும் நாள்களைப் பங்கிட முடியாது என்பது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. அதே ஆண்டு மக்களவையில் அதன் தலைவர் மவளங்கர் தலைமையில் அலுவல் ஆலோசனைக் குழு அமைந்தது. அவைத் தலைவரே குழுவின் தலைவராக, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் ஒரே மேசையில் அமர்ந்து மணிக்கணக்கைப் பிரிப்பது இதன் வேலை. தமிழகத்தில் நாம் அலுவல் ஆய்வுக் குழு என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

மக்களவையில் வார இறுதியில் நாடாளுமன்ற விவகார அமைச்சர் எழுந்து அடுத்த வார அலுவலைச் சொல்வார். பட்டியலில் விட்டுப்போனதைச் சேர்க்குமாறு உறுப்பினர்கள் கேட்பார்கள். வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. மாநிலங்களவையிலும் வெள்ளிப் பிற்பகல்தான். 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அந்த அவையில் எந்தத் தனிநபர் மசோதாவும் நிறைவேறியதில்லை. ஊர் திரும்ப ரயில் பிடிக்கும் அவசரத்தில் உறுப்பினர்கள் கலையும் வேளை என்று பலர் ஒதுக்கும் அந்தப் பிற்பகலுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

நம் பேரவையின் அன்றாட ஒழுங்கு பலரும் அறிந்தது: முதலில் கேள்வி நேரம், பின் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு, அதன் பின் அன்றைய அலுவல். டெல்லி நிருபர்கள் 1960-களில் ‘ஜீரோ அவர்’ என்று பெயர் வைத்ததைத் தமிழ் ‘நேரமில்லா நேரம்’ ஆக்கியது. விதிப்புத்தகம் தராத நேரத்தை உறுப்பினர்கள் தாமே எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.

வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தொடரில்தான் நேரத்தின் பஞ்சம் வெளிப்படும். ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகளைச் சில வாரங்களில் முடித்தாக வேண்டும். ஒரே நாளில் பல துறைகள் சேர்க்கப்படுகின்றன. கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர் கைக்கு வரும். தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானங்கள் பதிவாகும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்து வாக்கெடுப்பு. ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒரு துறை அவையிடம் விரிவாகக் கணக்குச் சொல்லும் நாள் அது ஒன்றுதான்.

இதோடு பேரவையின் விதி 110-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொது முக்கியத்துவமுள்ள பொருளில் அமைச்சர் அறிக்கை படிக்கலாம். அதன் மீது விவாதம் கிடையாது. ஜெயலலிதா 2011-க்குப் பின் இந்த விதியைத் தொடர்ந்து பயன்படுத்தி அதை வீட்டுக்கு வீடு தெரிந்த எண்ணாக்கினார். அறிவிப்பால் ஊர்களுக்கு நன்மை வந்திருக்கலாம். ஆனால் விவாதமில்லாத அறிவிப்பு அவையின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அவையின் கேள்வியை எடுத்துக்கொள்வதில்லை. 1892-க்கு முன்பிருந்த நிலைக்கு இது ஓரளவு திரும்புவதாகவே நான் கருதுகிறேன். எந்தக் கட்சி செய்தாலும் இது பிழை.

அஸ்தினாபுரத்துக்கு அருகிலுள்ள குரோம்பேட்டையில் மின்ரயில் ஏறினால், பேரவை கூடும் கோட்டைக்கு அருகிலுள்ள கோட்டை நிலையம் வரை நேர்வழி. மழைநீர் வடிகாலுக்கும் ஏரி தூர்வாரலுக்கும் மனு எழுதும் அஸ்தினாபுரம் நலச்சங்கத்தார் அந்த வழியைப் பலமுறை போய்வந்திருப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கூட்டத்தொடர் தொடங்கியதும், அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்த நாள்பட்டியலைத் தேடிப் படியுங்கள். நகராட்சி நிர்வாகத் துறையும் நீர்வளத் துறையும் எந்தத் தேதியில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மனு சட்டமன்ற உறுப்பினர் கையில் இருக்கட்டும்.