மோட்டார் சைக்கிள் பிரேக் குழாய்

மோட்டார் சைக்கிளின் ஹாண்டில்பாரில் உள்ள மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரத்தில் உள்ள கேலிப்பருக்கு பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் வளையக்கூடிய குழாய் பிரேக் குழாய். பட்டறைகளில் இதை பிரேக் ஹோஸ் என்பார்கள். தொழிற்சாலை வண்டியில் இதன் நீளம் முன்பே முடிவு செய்யப்பட்டது. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து வீட்டில் உருவாக்கும் வண்டியில் அந்த நீளத்தை உருவாக்குபவரே அளந்தறிய வேண்டும்.

கம்பியிலிருந்து எண்ணெய்க்கு

கோவையை அடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம்வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டி இயந்திரவியல் கற்றார். அக்கால வண்டிகளில் பிரேக் கம்பியாலும் கேபிளாலும் இயங்கியது. கேபிள் சற்று தளர்ந்தால் அதன் முனையில் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். அளவில் நேரும் சிறு பிழையை அந்த நட்டு ஏற்றுக்கொண்டது.

அமெரிக்கரான மால்கம் லாக்ஹெட் 1917-ல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை கோரினார். மூடிய குழாயில் உள்ள திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் மறுமுனையில் குறையாமல் வெளிப்படும் என்ற பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. முதலில் கார்களில் பரவிய இம்முறை, 1969-ல் வெளிவந்த ஹோண்டா சிபி 750 வழியாக மோட்டார் சைக்கிள்களில் புகழ்பெற்றது. பிரேக் பிடியின் இழுப்பு இதனால் எளிதானது. ஆனால் குழாயின் நீளத்தைத் திருத்தும் நட்டு எதுவும் இதில் இல்லை.

ரப்பரும் நாஞ்சில் நாடும்

தொடக்கத்தில் பிரேக் திரவமாக ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை பயன்பட்டது. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும். ஆமணக்கெண்ணெயில் அவ்வாறு உப்புவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பகுதிகளின் தோட்டங்களில் கிடைப்பது இவ்வகை இயற்கை ரப்பரே. அங்குள்ள அரசுத் தோட்டங்களை நிர்வகிக்கும் அரசு ரப்பர் கழகம் 1984-ல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. இன்று பிரேக் குழாயின் உட்சுவருக்கு, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பயன்படுகிறது. எஃகு வலை போர்த்திய குழாய்களில் உட்சுவர் டெஃப்லானால் ஆனது. அழுத்தத்தில் அது குறைவாகவே விரியும்.

தமிழ்நாட்டில்

சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா 1955-ல் தொடங்கப்பட்டது. அதன் புல்லட் வண்டிகள் பல பத்தாண்டுகள் டிரம் பிரேக்குடனேயே வந்தன. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் இணைந்து 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 1990-களின் இறுதிக்குப் பின் முன்சக்கர டிஸ்க் பிரேக் இந்திய மோட்டார் சைக்கிள்களில் பரவியது. பழைய டிரம் வண்டிகளில் டிஸ்க் பொருத்தும் ஆர்வமும் வளர்ந்தது. அதனுடன் குழாயின் நீளம் பற்றிய கேள்வியும் வந்தது.

அளவெடுத்தல்

வண்டி நிற்கும் நிலையில் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் சரியான அளவாகாது. ஓடும் வண்டியில் அந்தத் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் ஃபோர்க் முழுவதும் நீளும். அந்நிலையில் ஹாண்டில்பாரை இடக்கோடி, வலக்கோடி என இருபுறமும் திருப்பி, குழாய் செல்லும் பாதையில் ஒரு பழைய கேபிளை வளைத்து அளக்க வேண்டும். ஒரு முனையின் துளை மையத்திலிருந்து மறுமுனையின் துளை மையம் வரை உள்ளதே நீளம். பிறகு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, மிகுதியான நீளம் டயரில் உரசுகிறதா, எங்காவது மடிகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் குறைந்தால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும் நேரத்தில் இழுபட்டு இணைப்பு விடலாம். மிகுந்தால் உரசித் தேயலாம்.

பொருத்துதல்

குழாயின் முனையை இறுக்கும் துளையுள்ள போல்ட் பேஞ்சோ போல்ட் எனப்படும். 10 மி.மீ. போல்ட்களிலேயே 1.0, 1.25 என இரு மரை இடைவெளிகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றதை முடுக்கினால் மரை சிதையும். முனையின் இருபுறமும் புதிய வாஷர் வேண்டும். முனைகளை இயந்திரத்தால் அழுத்திப் பிடித்த குழாயையே வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளிப் பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்காது.

இறுதியில் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குமிழி இருந்தால் பிடி பஞ்சுபோல் அமுங்கும். பிரேக் ஆயில் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 4 வகைக்கான தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155. இரு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவது முக்கியம்.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அத்தகைய வண்டியில் குழாய்கள் ஏ.பி.எஸ். அலகின் வழியாகச் செல்வதால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே அளக்க வேண்டும். கேபிள் காலத்து நட்டு செய்த வேலையை இன்று அளவெடுப்பவரின் கவனமே செய்கிறது.