கழுத்தில் கிடந்த காசு

உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் தேய்ந்துபோன வட்டச் செம்பு ஒன்று அகப்பட்டால், எடுத்தவர் அதைப் ‘பழைய காசு’ என்பார். அதில் இருப்பது சோழன் உருவமா, ரோமப் பேரரசன் தலையா என்பதெல்லாம் பிறகு வரும் ஆராய்ச்சி.

ரோமக் காசு இந்த வட்டாரத்துக்கு வர வழி இருந்தது. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970இல் அகழ்ந்தபோது ரோம மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்த ஆற்றோடு மேலேறினால் செய்யாறும் வேகவதியும் வந்து சேரும் திருமுக்கூடல். அதற்குத் தெற்கே உத்திரமேரூர்.

சரக்கு வந்தது, பெயர் வந்ததா? ரோமரின் வெள்ளிக்காசு ‘தெனாரியஸ்’. அது இந்தியாவில் ‘தீனாரம்’ ஆயிற்று. நாகார்ச்சுனகொண்டாவின் 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அது உண்டு. 412ஆம் ஆண்டின் சாஞ்சிக் கல்வெட்டிலும் உண்டு. தமிழிலோ அது வழக்கில் ஊன்றவே இல்லை. இத்தனைக்கும் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்த நாடு இது. யவனர் கலம் கொண்டுவந்ததை அகநானூறு 149ஆம் பாட்டு ‘பொன்’ என்றே சொல்கிறது.

‘காசு’ என்ற சொல் அப்போதே இருந்தது, பொருள்தான் வேறு. குறுந்தொகை 67இல் கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழம், புது நூலில் கோக்கப்படும் பொற்காசு போல இருக்கிறது. வேப்பம்பழம் தட்டையானதல்ல, உருண்டை. ஆக அங்கே காசு என்பது அணியில் கோக்கும் மணி. ‘கர்ஷ’ என்னும் வடமொழி எடைப்பெயரிலிருந்து காசு வந்தது என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எடையிலிருந்து பிறந்த சொல், பழைய பாட்டில் மணியைக் குறித்து நிற்பானேன்?

மணியின் பெயர் நாணயத்துக்கு ஏறியதற்கு ரோமக் காசே உதவியிருக்கும் என்பது என் கருத்து. தென்னாட்டில் கிடைத்தவற்றில் துளையிட்டவையும் வளையம் பற்றவைத்தவையும் உண்டு. அவை கழுத்தில் தொங்கியவை. மணி இருந்த இடத்தில் நாணயம் வந்து கோத்துக்கொண்டது, பெயரையும் எடுத்துக்கொண்டது. காசுமாலை இன்றும் அந்தக் கூட்டுறவின் பெயர்தான்.

பிறகு காசு முழுக்க நாணயமாயிற்று. வரகுண பாண்டியனின் திருச்செந்தூர்க் கல்வெட்டு ‘நிறைகுறையாப் பழங்காசு’ 1400 பற்றிப் பேசுகிறது. அதாவது தேயாத பழைய காசு, எடைக்கே மதிப்பு. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சபை ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்தோடு, பொன்னைச் சோதிக்கும் பொன் வாரியம் என்ற குழுவும் வைத்திருந்த காரணம் இதிலிருந்து விளங்கும்.

கடைசியாக இந்தச் சொல் கடலும் ஏறியது. போர்த்துக்கீசியர் காசைக் ‘கைஷா’ என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ‘கேஷ்’. கிழக்கிந்தியக் கம்பெனி 1803இல் சென்னைக்கென அடித்த செப்புக்காசில் ‘20 கேஷ்’ என்றே பொறித்தது. ரொக்கம் என்ற பொருளில் நாம் சொல்லும் ‘கேஷ்’ இதுவல்ல. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. இரண்டையும் ஒன்றென்று மேடையில் முழங்குவோர் தமிழுக்கு நன்மை செய்வதில்லை. சான்றுள்ள பெருமையே நமக்குப் போதும்: நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைக்கும் சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஷ்’ என்ற பெயர், நம் காசிலிருந்து போனது.