வறண்ட நிலத்தில் பிறந்த சமன்பாடு

மழை ஓய்ந்த வயலில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கும், எத்தனை நாள் வேருக்கு எட்டும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளில் பல ஒரே ஒரு சமன்பாட்டின் மேல் நிற்கின்றன. அமெரிக்க இயற்பியலாளர் லோரென்சோ ரிச்சர்ட்ஸ் 1931ல் வெளியிட்ட சமன்பாடு அது. பாடநூல்கள் அதன் வரலாற்றை ஒரு நேர்க்கோடாக வரைகின்றன. 1856ல் பிரான்சின் திஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி தார்சி, நீர் நிரம்பிய மணல் வழியே நீர் பாயும் விதியைக் கண்டார். பின்வந்தவர்கள் துளைகளில் பாதி நீரும் பாதி காற்றுமாக இருக்கும் மண்ணுக்கு அதை நீட்டினார்கள் என்பது கதை. இந்தக் கோட்டில் ஓட்டை இருக்கிறது. அந்த நீட்டிப்பை முதலில் செய்த இயற்பியலாளர் எட்கர் பக்கிங்காம் தம் 1907 அறிக்கையில் தார்சியின் பெயரையே சொல்லவில்லை. அவரைத் தூண்டியது நகரக் குடிநீர்ச் சிக்கல் அல்ல. மழை குறைந்த நிலத்தில் இருக்கிற ஈரத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்ற உழவரின் கவலை. அந்தக் கவலைதான் சமன்பாட்டுக்குள் எது வரும், எது வராது என்பதைத் தீர்மானித்தது என்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் குடியேறியவர்களுக்கு ‘வறள் உழவு’ ஒரு வேதம்போலப் பரப்பப்பட்டது. டகோட்டாவில் விவசாயம் செய்த ஹார்டி கேம்ப்பெல் அதன் பெரிய பிரசாரகர். மண்ணுக்குள் நுண்குழாய்கள் உண்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றில் ஈரம் மேலேறி வெயிலில் போய்விடும், ஆகவே மழை பெய்ததும் மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கிக் குழாய்களை அறுத்துவிடு என்பது போதனை. விஸ்கான்சின் பேராசிரியர் ஃபிராங்க்ளின் கிங்கின் சோதனைகள் அதற்கு அறிவியல் மதிப்புத் தந்தன. வாஷிங்டனில் வேளாண் துறையின் மண் பணியகத்தை நடத்திய மில்டன் விட்னிக்கோ வேறொரு பிடிவாதம். மண்ணில் சத்துக்குப் பஞ்சமே இல்லை, விளைச்சல் ஏறுவதும் இறங்குவதும் மண்ணின் நயத்தாலும் ஈரத்தாலும்தான் என்றார் அவர். வேதியியலாளர்கள் கொதித்தார்கள், அவர்கள் பக்கமே நியாயம். ஆனால் ஈரமே எல்லாம் என்று நம்பிய ஒருவர் தலைமையில் இருந்ததால்தான் அந்த அலுவலகத்தில் இயற்பியலாளர்கள் வந்து சேர்ந்தார்கள் என்று தோன்றுகிறது. பிழையான கொள்கை நல்ல ஆய்வுக்கு வழிவிடுவது வரலாற்றில் புதிதல்ல.

பக்கிங்காம் அங்கே இருந்தது 1902 முதல் 1906 வரைதான். மண் நிரப்பிய உயரமான உருளைகளின் அடியை நீரில் நிறுத்தி, ஈரம் அடங்கி நிலைப்பட்டபின் எந்த உயரத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று அளந்தார். அதிலிருந்து இரண்டு கருத்துகளை எடுத்தார். மண் தன் நீரை ஓர் இழுவிசையோடு பற்றி வைத்திருக்கிறது. ஈரம் குறையக் குறைய அந்தப் பிடி இறுகும். நீரைக் கடத்தும் திறனும் ஈரத்தைப் பொறுத்தது. ஈரமண் காய்ந்தால் அது ஆயிரக்கணக்கான மடங்கு சரியக்கூடும். பிடி தளர்ந்த இடத்திலிருந்து இறுகிய இடத்துக்கு நீர் நகரும். எவ்வளவு வேகமாக என்பதைக் கடத்துதிறன் சொல்லும். நுண்குழாய் என்ற கற்பனைப் படத்துக்கு இனி அவசியமே இல்லாமல் போயிற்று. ஆவியாதலை அளந்தபோது இன்னும் வியப்பான முடிவு வந்தது. சூடும் காற்றும் மிகுந்த வறண்ட சூழலில் வைத்த மண் முதலில் வேகமாக நீரை இழந்தாலும், மேற்பரப்பு சட்டென்று காய்ந்து தானே மூடாக்காகி, நாளடைவில் ஈரமான சூழலில் வைத்த மண்ணைவிடக் குறைவாக இழந்தது. கேம்ப்பெல் ஏரோட்டிச் செய்யச் சொன்னதை வெயிலே செய்துவிடும் என்றுதானே பொருள்? மேலதிகாரிகளோடு பக்கிங்காமுக்கு ஒத்துப்போகவில்லை. அறிக்கையின் முடிவுரையாக அவர் எழுதிய இரண்டு பத்திகளை அவர்கள் ஏற்கவில்லை. அது அச்சேறுவதற்கு முன்பே அவர் வெளியேறினார். இடையில் அங்கே வந்து சேர்ந்திருந்த கிங்கும், பின்னாளில் 1939ல் அணுகுண்டு ஆய்வுக்கு வித்திட்ட யுரேனியக் குழுவுக்குத் தலைமை ஏற்ற லைமன் பிரிக்ஸும்கூட அந்தப் பணியகத்தைவிட்டுப் போனவர்கள்தான்.

விதை விழுந்த இடம் இதுவென்றால், வளர்ந்த இடமும் வறட்சிதான். யூட்டாவில் வில்லர்ட் கார்ட்னர் பாசன நிலங்களின் ஈரத்தைப் பற்றி ஆராய்ந்தார். அவரிடம் படித்த ரிச்சர்ட்ஸ், பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பக்கிங்காமின் பாய்வு விதியையும் நீர் அழியாது என்ற கணக்கையும் இணைத்து முழுச் சமன்பாட்டை எழுதினார். பிறகு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில், பாசன நிலத்தின் உப்பு நோயை ஆராயும் ஆய்வகத்தில், அந்த இழுவிசையை அளக்கும் கருவிகளைச் செம்மைப்படுத்தினார். இதே போன்ற சமன்பாட்டை 1922லேயே இங்கிலாந்தின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் தம் வானிலைக் கணிப்பு நூலில் எழுதிவிட்டார். அவருக்கும் மண் தேவைப்பட்டது மேலே காற்றுக்குப் போகும் ஈரத்தைக் கணக்கிடத்தான். நிலத்தடிக்கு இறங்கும் நீருக்காக அல்ல.

அப்படியானால் விட்டுப்போனது என்ன? 1870ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், கலைக்கப்படாத மண்கட்டிகளுக்கு அடியில் 20, 40, 60 அங்குல ஆழங்களில் வடிநீர் அளவைகள் அமைக்கப்பட்டன. 1882ல் லாஸ், கில்பர்ட், வாரிங்டன் மூவரும் முடிவுகளை எழுதினார்கள். வடியும் நீரில் ஒரு பங்கு மண்ணின் உடலை நனைக்காமலே, வேர்த் துளை, புழுத் துளை, வெடிப்பு வழியாக நேரே கீழே போய்விடுகிறது என்று அதில் தெளிவாக இருந்தது. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே கேள்வி என்றால் இந்த நீர் வெறும் நட்டக் கணக்கு. சலித்து, இடித்து, உருளையில் நிரப்பிய மண்ணில் புழுத் துளையும் கிடையாது. சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1982ல், கீத் பெவனும் பீட்டர் ஜெர்மனும் பெருந்துளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதை மீண்டும் பேசுபொருளாக்கியது. இடையில் மாறியது கேள்வி. 1979ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஆல்டிகார்ப் பூச்சிமருந்து நிலத்தடி நீரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மணல் பூமி, புழுத் துளையைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் மேலே இட்டது எவ்வளவு சீக்கிரம் கீழே போகும் என்பது அதன்பின் யாரும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வியாயிற்று.

இயற்பியலுக்கு ஊர் கிடையாதே, யூட்டாவில் சரியான விதி வேறெங்கும் சரிதானே என்று கேட்கலாம். விதி பொதுவானதுதான், எதை அளக்கிறோம், எதைப் புறக்கணிக்கிறோம் என்பது பொதுவானதல்ல. மெல்பர்னில் கிரீனும் ஆம்ப்டும் 1911லேயே கீழிறங்கும் நீருக்கு ஒரு சூத்திரம் எழுதினார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆம், ஆனால் அவர்களும் சீரான மண்ணையே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். ரிவர்சைடிலேயே பணியாற்றிய வான் கெனுக்டன் 1980ல் மண்ணின் பிடியையும் கடத்துதிறனையும் கணினிக்கு ஏற்ற எளிய வாய்பாடாக்கினார். அதற்குப்பின் துளைக்கு ஒன்று, மண்ணுடலுக்கு ஒன்று என இரட்டைப் பாய்வு மாதிரிகளும் வந்தன. குறை தீர்ந்தது என்கிறார்கள். தீரவில்லை. மண்ணுடலுக்கான எண்களை ஆய்வகத்தில் அளக்க முடிகிறது. துளைகளுக்கான எண்கள் பெரும்பாலும் விடை பொருந்தும்வரை திருகி எடுக்கப்படுபவை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் நம் கரிசல் மண்ணில் முதல் மழை நீர் வெடிப்புக்குள் விழுந்து அடிமண்ணை முதலில் நனைக்கும். மேலிருந்து சீராக இறங்கும் ஈரக்கோடு அங்கே வெறும் கற்பனை.

ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் உப்புக் கணக்குக்கும் அதைவிட நல்ல கருவி இன்றும் இல்லை. அது பிறந்ததே ஈரத்தைக் கணக்கிடும் வேலைக்குத்தானே. ஆனால் குப்பைக் கிடங்கின் கசிவோ வயலில் தெளித்த மருந்தோ நிலத்தடி நீரை எட்ட இத்தனை ஆண்டாகும் என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது சலித்த மண்ணா, வெடிப்போடும் வேர்த்துளையோடும் வெட்டியெடுத்த மண்ணா என்று கேளுங்கள். பதில் இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள்.