மலைக்காட்டுப் பந்தும் தலைநகர்க் கோப்பையும்

தில்லியில் நெடுநாள் வாழ்ந்த தமிழன்பர்கள் டூராண்டுக் கோப்பைப் பந்தயத்தை அறியாதிரார். மார்ட்டிமர் டூராண்டு என்னும் ஆங்கில அதிகாரி 1888-இல் சிம்லாவில் இராணுவக் குழுக்களுக்கெனத் தொடங்கிய அப்பந்தயம், 1940-இல் தலைநகருக்கு வந்தது. அவ்வாண்டே கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் குழு வென்று, இந்தியர்க்கும் அக்கோப்பை உரியதெனக் காட்டிற்று.

பின்னர் 1955, 1958 ஆகிய இரண்டாண்டுகளில் கோப்பை நமது நீலகிரிக்குச் சென்றது. வென்றது, வெலிங்டன் என்னும் சிற்றூரில் அமைந்த மதராஸ் ரெஜிமெண்டு மையத்தின் குழு. அதன் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்து, 1953-இல் சேனையில் சேர்ந்த அவர், முதலில் முன்வரிசையில் ஆடியவர். 1956, 1960 ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியக் குழுவில் இடம்பெற்றார். 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற குழுவிலும் இருந்தார்.

இவையெல்லாம் ஏட்டில் ஏறிய வரலாறு. அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பால், மூணாற்றில் நிகழும் ஆட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அரியர். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. மழைக்காடுகள் தேயிலைத் தோட்டங்களாயின. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற மக்கள், அங்கே லயங்களில் குடியேறினர். அவர்தம் வழியினர் எஸ்டேட்டுக்கு எஸ்டேட்டு மோதும் பந்தயமே பின்லே கேடயம். அதில் ஆடுவோர் பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். தோட்டத்திலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் உழைப்பவர்.

1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தமிழர் மிகுந்த தேவிகுளம் தாலுகா கேரளத்தில் அமைந்தது. 1983-இல் தோட்டங்கள் டாட்டா நிறுவனத்தின் வசமாயின. 2005-இல் ஊழியர்களே பங்குதாரராயுள்ள கம்பெனி பொறுப்பேற்றது. பின்லே கம்பெனி அகன்றது. கேடயத்தில் அதன் பெயர் நிலைத்தது. ஆனால் அக்கேடயத்தை வென்றோர் பெயர்களுக்கு முதியோர் நினைவன்றி வேறு ஏடு ஏது?

ஊர் விட்டு ஊர் வந்த மக்களை ஒன்றாய்ப் பிணைக்க ஒரு பொது முயற்சி வேண்டும். தலைநகரில் நமக்குச் சங்கம் எப்படியோ, மலைத்தோட்டத்தார்க்குப் பந்து மைதானம் அப்படி. கோப்பை வென்ற தங்கராஜின் புகழைப் போற்றுவோம். அத்துடன் மூணாற்றிலும் வால்பாறையிலும் உறவினர் உள்ள குடும்பத்தார், அங்கு ஆடிய முதியோரிடம் கேட்டு, பெயரையும் ஆண்டையும் எஸ்டேட்டையும் எழுதி வைப்பாராக. அம்முதியோர் உள்ளபோதே அது கூடும்.