யாழ்ப்பாணத்துப் பிள்ளைப்பேறும் பெண்கள் மறைத்த நோயும்

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் பெரும்பாலும் பிரசவத்தில்தான் சேதமடைகின்றன. ஆகையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவற்றின் வரலாறு, பிள்ளைப்பேற்றை யார் பார்த்தார்கள் என்பதன் வரலாறாகவே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பேறு வீட்டில்தான் நடந்தது, பார்த்தவர் மருத்துவிச்சி. சாதாரணப் பேற்றுக்கு அவருடைய கைப்பழக்கம் போதுமானதாக இருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, தலை இடுப்பெலும்பில் சிக்கினாலோ அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. நாட்கணக்கில் நீளும் வலியில் பிள்ளையின் தலை சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து நசுக்கும். இரத்தம் ஓடாத சதை அழுகிக் கழன்றுவிடும். அந்த ஓட்டை வழியே சிறுநீர் இரவும் பகலும் ஒழுகும். பெரும்பாலும் பிள்ளையும் தப்பாது. உயிர் பிழைத்த தாய் நாற்றத்துக்கும் வெட்கத்துக்கும் அஞ்சி ஒதுங்கி வாழ நேர்ந்தது.

பின்னாளில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்த பரராசசேகரம் போன்ற உள்ளூர் வைத்திய நூல்கள் கர்ப்ப ரோகங்களையும் பேசுகின்றன. நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில், சிறுபீளைக் கசாயங்கள் வழக்கில் இருந்தன. ஆனால் கிழிந்த சதையைக் கசாயம் மூடாது. தையலால் மூடும் முறையை அமெரிக்காவின் அலபாமாவில் வைத்தியர் மரியன் சிம்ஸ் 1849 அளவில் நிறைவுசெய்தார். மயக்க மருந்தின்றி, அடிமைப் பெண்களின் உடலில் திரும்பத் திரும்ப அறுத்துப் பெற்ற அறிவு அது.

வழக்கங்களில் பயனுள்ளதும் இருந்தது. பேற்றுக்குப் பின்னான 31 நாள் துடக்கு என்ற தீட்டு தாயைத் தீண்டாமைக்குள் வைத்தாலும், பாரம் தூக்குவதிலிருந்து விடுவித்தது. துலாவில் தண்ணீர் அள்ளுவது, குடம் சுமப்பது, உரலில் இடிப்பது எல்லாம் அந்த நாட்களில் வேறொருத்தியின் வேலை. சரக்குக்கறியும் இலை அவித்த வெந்நீர்க் குளிப்பும் கவனிப்பு கிடைத்ததன் அடையாளங்கள். அன்றாடக் கூலியில் வாழ்ந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஓய்வு முழுமையாகக் கிடைத்திருக்க வழியில்லை. கருப்பை கீழிறங்கும் நோய்க்கு அடுத்தடுத்த பேறுகளும் இத்தகைய பாரமும் முக்கியக் காரணங்களில் அடங்கும்.

1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். மான்செல் எழுதிய பிரசவ நூலின் தமிழாக்கம் அவர் முயற்சியால் 1857இல் வெளிவந்தது. ஆங்கிலம் அறியாதவரும் பேறுகால வைத்தியத்தைப் படிக்கலாம் என்பது பெரிய மாற்றம். எனினும் அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். பேற்றறைக்குள் அவர்களைப் பெரும்பாலான குடும்பங்கள் கடைசி நேரத்தில்தான் அழைத்தன. அதற்குள் சேதம் நேர்ந்திருக்கும்.

அந்தத் தடையை உண்மையில் தளர்த்தியது 1898இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியோட் பெண்கள் ஆசுப்பத்திரி. மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் அதற்காக வெளிநாடுகளில் நிதி திரட்டினர். இசபெல்லா கேர் என்ற பெண் வைத்தியர் அங்கே பணியாற்றினார். பெண்ணைப் பெண்ணே பரிசோதிக்கும் இடம் கிடைத்தது. ஆணிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிந்தது என்பது, கத்திக்கும் தையலுக்கும் இணையான முக்கியச் சிகிச்சை.

இருபதாம் நூற்றாண்டில் பயிற்சி பெற்ற அரச மருத்துவ மாதுக்கள் ஊர்களுக்கு வந்தார்கள். மக்கள் அவர்களை மிட்வைவ் என்றே அழைத்தனர். இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேலிருந்த தாய் மரணம் 1950இல் 600க்கும் கீழே வந்தது. சிக்கிய பேற்றுக்கு உரிய நேரத்தில் சத்திரசிகிச்சை கிடைத்ததால் சிறுநீர் ஒழுகும் ஓட்டையும் அரிதானது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் அமைந்தது. ஆனால் 1990களின் போரும் பொருளாதாரத் தடையும் ஆசுப்பத்திரிக்குப் போகும் பாதையையே மீண்டும் ஆபத்தாக்கின.

கருப்பை இறக்கமும், இருமும்போது சிறுநீர் கசிவதும் மட்டும் மறையவில்லை. இவற்றால் உயிர் போவதில்லை என்பதால் கணக்கெடுப்புகளிலும் இவை பின்தங்கின. அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948இல் விளக்கிய தசைப்பயிற்சி, யோனிக்குள் பொருத்தும் வளையம், சத்திரசிகிச்சை ஆகியவை இன்று உள்ள வழிகள். பல பிள்ளை பெற்ற மூத்த பெண்களில் பலர் இவற்றை வயதின் இயல்பு என்று எண்ணி, மகளிடம்கூடச் சொல்லாமல் இருக்கிறார்கள்.